படகுக்குள் இன்னொரு படகு இருக்கா?

சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை நாம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். "வஞ்சிரம் கிலோ எவ்ளோ?", "இன்னிக்கு வந்ததா, ஐஸ்ல வெச்சதா?", "கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?" அந்த மீனைப் பிடித்த படகு எவ்வளவு தூரம் போனது, எத்தனை நாள் கடலில் நின்றது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் நமக்கு வந்ததில்லை.

ஆனால் சூரை, சுறா போன்ற ஆழ்கடல் மீனைத் தேடிப்போகும் விசைப்படகுகள் காலையில் போய் மாலையில் திரும்புவதில்லை. இதைத் தங்கு கடல் தொழில் என்பார்கள். கரையிலிருந்து நூறு, இருநூறு கடல் மைல் தாண்டி, வாரக்கணக்கில் கடலிலேயே இருப்பார்கள். அங்கே படகில் ஓட்டை விழுந்தாலோ, தீப்பிடித்தாலோ, கப்பல் மோதினாலோ என்ன செய்வது? இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அந்தக் கேள்விக்கான விடையை: லைஃப் ராஃப்ட். படகுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் இன்னொரு படகு.

கட்டுமரமே ஒரு லைஃப் ராஃப்ட்தான்

ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்று சொல்கிறார்களே, அது நம் 'கட்டுமரம்' என்ற சொல்தான். மரத்துண்டுகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினால் கட்டுமரம். அதற்கு உள்பக்கம் என்று ஒன்று இல்லை. அதனால் தண்ணீர் உள்ளே புகுந்து மூழ்காது. அலை புரட்டிப்போட்டால் நீந்திப்போய்த் திருப்பிப் போட்டு, மறுபடி ஏறிக்கொள்ளலாம். தொழில் செய்யும் கலமும் அதுதான், உயிர் காக்கும் மிதவையும் அதுதான்.

2004 சுனாமிக்குப் பிறகு சென்னைக் கரையில் கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் வேகமாகப் பிடித்துக்கொண்டன. காசிமேடு துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகுகள் அதைவிடப் பல மடங்கு பெரியவை. இன்ஜின், ஐஸ் பெட்டி, டீசல் டேங்க், வின்ச், சமையல் என்று எல்லாம் உண்டு. வசதி கூடியது, தூரம் கூடியது. கூடவே ஒரு விஷயம் கைவிட்டுப்போனது. இந்தப் படகுகளுக்கு உள்பக்கம் இருக்கிறது. தண்ணீர் புகுந்தால் மூழ்கும்.

கட்டுமரம் சும்மா கொடுத்த பாதுகாப்பை, விசைப்படகில் தனியாகக் காசு கொடுத்து வாங்கி ஏற்ற வேண்டும். லைஃப் ராஃப்ட் என்பது அதுதான்.

ஒக்கி சொன்ன பாடம்

2017 நவம்பர் 30. கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒக்கி புயல் உருவானது. முந்தைய நாள்தான் அது தாழ்வு மண்டலமாக இருந்தது. ஒரே நாளில் புயல். தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் அதற்குப் பல நாள் முன்பே கிளம்பி நடுக்கடலில் இருந்தார்கள். படகிலுள்ள சாதாரண வி.எச்.எஃப். வயர்லெஸ் எட்டும் தூரம் சில பத்து கடல் மைல்கள்தான். எச்சரிக்கை அவர்கள் காதுக்குப் போகவே வழியில்லை.

லட்சத்தீவு, குஜராத் வரை அடித்துச் செல்லப்பட்ட படகுகள் உண்டு. கவிழ்ந்த படகின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு மிதந்து உயிர் பிழைத்தவர்கள் உண்டு. திரும்பி வராதவர்கள் பலர். அதன்பிறகு சாட்டிலைட் போன், படகு இருக்கும் இடத்தைக் காட்டும் டிரான்ஸ்பாண்டர், இஸ்ரோவின் ஆபத்து எச்சரிக்கைக் கருவி என்று பேச்சு பெரும்பாலும் தகவல் தொடர்பைப் பற்றியே இருந்தது. அது தேவைதான். சந்தேகமே இல்லை.

ஆனால் தகவல் போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு கணக்கு மிச்சம் இருக்கிறது. 200 கடல் மைல் என்பது சுமார் 370 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சியையும் தாண்டிய தூரம். மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் ஒரு மீட்புக் கப்பல் நேராக வந்தாலும் 10 மணி நேரம். புயல் என்றால் அந்த வேகமும் கிடையாது. அதற்குள் காற்றும் நீரோட்டமும் ஆளை வேறு இடத்துக்குத் தள்ளிவிடும், தேட வேண்டும். அந்த 10 மணி நேரத்தை, சில சமயம் 3 நாளை, எங்கே இருந்து கழிப்பது?

"லைஃப் ஜாக்கெட் போதாதா?" என்று கேட்கலாம். லைஃப் ஜாக்கெட் தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்கும், அவ்வளவுதான். உடம்பு தண்ணீருக்குள்தான் இருக்கும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். வங்காள விரிகுடா வெதுவெதுப்பான கடல்தான். ஆனாலும் ராத்திரி முழுக்க அதில் கிடந்தால் நடுக்கம், களைப்பு, பகலில் வெயில், தாகம். ராஃப்ட் ஆளைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து, தலைக்கு மேல் ஒரு கூரையும் போடுகிறது. வித்தியாசம் அங்கேதான்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

ராஃப்ட் கடையில் பார்க்க ஒரு பெரிய மாத்திரை மாதிரி இருக்கும், வெள்ளை ஃபைபர் உறைக்குள். இதற்கு கேனிஸ்டர் என்று பெயர். பை மாதிரி வரும் இன்னொரு வகை உண்டு. பை வகையை வெயிலும் மழையும் படாத இடத்தில் வைக்க வேண்டும். வெட்டவெளித் தளத்தில் உப்புக்காற்றில் கிடக்கும் மீன்பிடிப் படகுக்கு கேனிஸ்டர்தான் பொருத்தம்.

முதல் கேள்வி, எத்தனை பேர்? சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதியான சோலாஸ் கணக்குப்படி ராஃப்டில் ஓர் ஆளுக்கு 0.372 சதுர மீட்டர் இடம். அதாவது வெறும் 4 சதுர அடி. '10 பேர் ராஃப்ட்' என்றால் 40 சதுர அடி, நம் வீட்டுக் குளியலறை அளவு. அதில் பத்துப் பேர் காலை மடக்கி உட்கார வேண்டும். அதனால் படகில் பத்துப் பேர் என்றால் எட்டுப் பேர் ராஃப்ட் வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்கவே கூடாது. "அப்போ இருபது பேர் ராஃப்ட் வாங்கிடலாமே" என்றால் அதுவும் சரியில்லை. பாதி காலியாகக் கிடக்கும் ராஃப்ட் எடை குறைந்து காற்றில் எளிதாகப் புரளும். ஆள் எண்ணிக்கைக்குச் சரியாக அல்லது அதற்கு ஒரு படி மேலே. அதுதான் அளவு.

இரண்டாவது, எந்தத் தரம்? வணிகக் கப்பல்களுக்கு சோலாஸ் தரம். உல்லாசப் படகு, சிறு படகுகளுக்கு ஐ.எஸ்.ஓ. 9650 தரம். இதிலும் ஆழ்கடலுக்கு ஒரு பகுதி, கரையோரத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்திருக்கிறார்கள். ஆழ்கடல் போகும் படகுக்குக் கரையோர ராஃப்ட் வாங்குவது, நெடுஞ்சாலைக்கு சைக்கிள் ஹெல்மெட் வாங்குவது மாதிரி. சோலாஸ் தர ராஃப்ட் 18 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீரில் போட்டுச் சோதிக்கப்பட்டிருக்கும். 30 நாள் கடலில் மிதந்து தாங்க வேண்டும் என்பது விதி. காற்று அறைகள் குறைந்தது இரண்டு தனித்தனியாக இருக்கும். ஒன்று கிழிந்தாலும் இன்னொன்று எல்லோரையும் தாங்க வேண்டும்.

மூன்றாவது, உள்ளே என்ன இருக்கிறது? சோலாஸில் 'ஏ பேக்', 'பி பேக்' என்று இரண்டு. ஏ பேக்கில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் குடிநீர், உணவு, பாராசூட் ராக்கெட் 4, கையில் பிடிக்கும் தீச்சுடர் 6, புகைக் குப்பி 2, முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பி அடிக்கும் ஆடி, விசில், முதலுதவிப் பெட்டி, வாந்தி மாத்திரை, தூண்டில் எல்லாம் இருக்கும். பி பேக்கில் சாப்பாடும் தண்ணீரும் இருக்காது, ராக்கெட்டும் தீச்சுடரும் பாதிதான். கரையிலிருந்து வெகுதூரம் போகிறவர்கள் எந்த பேக் என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் உறை ஒன்றுபோலத்தான் இருக்கும்.

நான்காவது, ராஃப்டின் அடியில் தொங்கும் தண்ணீர்ப் பைகள். ராஃப்ட் விரிந்ததும் இவற்றில் கடல்நீர் நிறைந்து அடிப்பாரமாக நிற்கும். காற்று தூக்கிப் புரட்டாமல் பிடிப்பது இதுதான். பைகள் பெரிதாக, பல இடங்களில் இருந்தால் நல்லது.

எல்லாப் படகுக்கும் இது வேண்டுமா? மெரினாவுக்கு நேரே வலைவிட்டுக் காலையிலேயே கரை திரும்பும் சிறு ஃபைபர் படகில் ராஃப்ட் வைக்க இடமும் இல்லை, அவசியமும் குறைவு. அங்கே லைஃப் ஜாக்கெட்டும் தொடர்புக் கருவியும் முதலில். ஒரு ராத்திரிக்கு மேல் கடலில் தங்கும் படகு என்றால் கதை வேறு. பாக் நீரிணைப் பகுதி மீனவர்கள் இழுவை வலையை விட்டு ஆழ்கடல் படகுக்கு மாறுவதற்கென்றே 2017-ல் மானியத் திட்டம் தொடங்கப்பட்டது. படகை இன்னும் தூரம் போகச் சொல்கிறோம் என்றால், ராஃப்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

எங்கே வைப்பது?

வாங்கிய ராஃப்டைப் பயனில்லாமல் ஆக்க எளிய வழி, அதன் மேல் வலையைக் குவித்து வைப்பது. இன்னொன்று, யாரும் எடுத்துப்போய்விடக் கூடாது என்று நைலான் கயிற்றால் சுற்றி முடிச்சுப் போடுவது. படகு சாயும்போது அந்த முடிச்சை அவிழ்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

சரியான இடம் வீல்ஹவுஸ் கூரை மாதிரி உயரமான, மேலே எதுவும் தடுக்காத இடம். ராஃப்டைப் பிடித்திருக்கும் பட்டையில் 'ஹைட்ரோஸ்டேட்டிக் ரிலீஸ்' என்ற சின்ன சாதனம் இருக்கும். படகு மூழ்கி 4 மீட்டர் ஆழம் போவதற்குள் தண்ணீர் அழுத்தத்தில் அது தானே பட்டையை அறுத்துவிடும். ராஃப்ட் மேலே மிதந்து வந்து, படகோடு கட்டிய கயிறு இழுபட்டு விரியும். பிறகு அந்தக் கயிற்றில் உள்ள பலவீனமான இணைப்பு அறுந்து, மூழ்கும் படகிலிருந்து ராஃப்டை விடுவிக்கும். இவ்வளவும் ஆள் கை படாமல் நடக்கும்.

ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. சிறு படகு தலைகீழாகக் கவிழ்ந்து, மூழ்காமல் அப்படியே மிதந்தால் அந்த ஆழம் கிடைக்காமல் போகலாம். அதனால் கையால் விடுவிப்பது எப்படி என்று படகில் எல்லோருக்கும், சமையல் செய்பவர் உட்பட, தெரிந்திருக்க வேண்டும்.

எப்போது ஏறுவது?

1979 ஆகஸ்டில் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலான கடலில் 'ஃபாஸ்ட்நெட்' பாய்மரப் படகுப் போட்டி நடந்தது. 303 படகுகள் கிளம்பின. புயல் பிடித்துக்கொண்டது. பந்தயத்தில் போனவர்களில் 15 பேர் இறந்தார்கள். 24 படகுகளை அதில் இருந்தவர்கள் கைவிட்டு இறங்கினார்கள். அந்த 24-ல் மூழ்கியவை 5 மட்டும்தான். மற்ற 19 படகுகளும் பிறகு மிதந்தபடியே கிடைத்தன. ராஃப்டுக்கு மாறியவர்களில் சிலர் அந்த ராஃப்ட் புரண்டும் கிழிந்தும் உயிரை விட்டார்கள்.

அதிலிருந்து கடலோடிகள் உலகம் முழுக்கச் சொல்லும் பாடம் இது: ராஃப்டுக்குள் இறங்கிப் போகாதே, ஏறிப் போ. அதாவது படகு தண்ணீருக்குள் போய், ராஃப்ட் அதைவிட உயரத்தில் இருக்கிறது என்ற நிலை வரும்வரை படகை விடாதே. படகு பெரியது, வலுவானது, விமானத்திலிருந்து பார்க்கவும் எளிது. விதிவிலக்கு தீ. தீ அடங்காது என்று தெரிந்தால் காத்திருக்கக் கூடாது.

விரிப்பது எப்படி?

1. முதலில் எல்லோரும் லைஃப் ஜாக்கெட். வயர்லெஸ்ஸில் 16-ம் சேனலில் ஆபத்துச் செய்தி, எச்சரிக்கைக் கருவியில் பட்டன்.

2. ராஃப்டிலிருந்து வரும் 'பெயின்டர்' கயிறு படகின் உறுதியான இடத்தில் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டாமல் எறிந்தால் ராஃப்ட் காற்றோடு போய்விடும். துரத்திப் பிடிக்க முடியாது.

3. காற்று அடிக்கும் பக்கம் எறியாதீர்கள். படகே காற்றை மறைக்கும் எதிர்ப்பக்கம் எறியுங்கள். உறையைத் திறக்க வேண்டாம், அப்படியே போட வேண்டும்.

4. கயிற்றை இழுங்கள். வந்துகொண்டே இருக்கும். 10 மீட்டருக்கு மேல் வரும். "வேலை செய்யலையே" என்று பதற வேண்டாம். கயிறு முழுக்க வந்து இறுகியதும் ஓங்கி ஒரு வெட்டு இழுப்பு. கேஸ் சிலிண்டர் திறந்து, ஒரு நிமிடத்துக்குள் ராஃப்ட் விரியும்.

5. விரிந்த பிறகு 'உஸ்ஸ்' என்று சத்தம் வரும். ஓட்டை இல்லை. கூடுதல் காற்றை வால்வு வெளியே விடுகிறது.

6. தலைகீழாக விரிந்தால், கேஸ் சிலிண்டர் இருக்கும் பக்கம் ஒருவர் ஏறி நின்று, அடியில் உள்ள பட்டையைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். ஓர் ஆளே திருப்ப முடியும் என்பது விதி.

7. முடிந்தவரை நனையாமல் ஏறுங்கள். கூரை மேல் குதிக்க வேண்டாம். கனமான ஆள் முதலில் போனால் ராஃப்ட் நிலையாக நிற்கும். மீன் வெட்டும் கத்தி, கொக்கி எதையும் கையில் கொண்டுபோகாதீர்கள்.

உள்ளே போன பிறகு நான்கு வேலை: வெட்டு, விடு, மூடு, பார். படகு மூழ்கப்போகிறது என்றால் கயிற்றை வெட்டு. அதற்கான முனை மழுங்கிய கத்தி ராஃப்ட் வாசலிலேயே இருக்கும். கடல் நங்கூரத்தைத் தண்ணீரில் விடு. குட்டி பாராசூட் மாதிரி இருக்கும் இது ராஃப்ட் வேகமாக நகராமலும் புரளாமலும் பிடித்து, தேடுகிறவர்கள் வரும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும். வாசலை மூடு, நம் ஊர் வெயிலில் காற்றுக்குக் கொஞ்சம் இடம் விட்டு. ஓட்டை, ஈரம், காயம் என்று எல்லாவற்றையும் பார்.

எல்லோரும் உடனே வாந்தி மாத்திரை போட வேண்டும், பழகிய கடலோடியும்தான். ராஃப்டின் ஆட்டம் படகின் ஆட்டம் இல்லை. வாந்தி எடுத்தால் போவது உடம்பின் தண்ணீர். முதல் 24 மணி நேரம் காயம்பட்டவர், நோயாளி தவிர யாருக்கும் குடிநீர் கிடையாது. அதன்பிறகு ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர். மழை பெய்தால் பிடித்துக்கொள்ளலாம். கடல்நீர் ஒரு வாய்கூட வேண்டாம்.

1982-ல் ஸ்டீவன் கல்லஹன் என்ற அமெரிக்கர் அட்லாண்டிக் கடலில் ராஃப்டில் தனியாக 76 நாள் மிதந்தார். ஆறு பேர் ராஃப்ட் அது. படகு மூழ்கத் தொடங்கியதும் அவர் கயிற்றை உடனே வெட்டவில்லை. பாதி மூழ்கிய படகுக்குள் மறுபடி போய் அவசரப் பையை எடுத்து வந்தார். அந்தப் பையும் அவர் பிடித்த மீனும்தான் அவரைக் காப்பாற்றின. கடைசியில் கரிபியன் தீவு ஒன்றின் அருகே அவரைக் கண்டு தூக்கியவர்கள் யார் தெரியுமா? மீனவர்கள்.

கடைசியாக, தேதி

ராஃப்டை வீட்டில் பிரித்துப் பார்க்க முடியாது. சோலாஸ் தர ராஃப்டை 12 மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் மையத்தில் விரித்து, கசிவு பார்த்து, சிலிண்டரை எடைபோட்டு, காலாவதியான தீச்சுடர், பேட்டரி, மாத்திரைகளை மாற்றி, மறுபடி மடித்துத் தர வேண்டும். ஹைட்ரோஸ்டேட்டிக் ரிலீஸ் சாதனத்துக்கும் காலாவதித் தேதி உண்டு. நம் அபார்ட்மென்ட் மாடிப்படியில் தொங்கும் தீயணைப்பு சிலிண்டரில் என்ன தேதி இருக்கிறது என்று நாம் பார்த்திருப்போமா? அதே அலட்சியம் கடலில் உயிரை எடுக்கும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நின்று, பெயின்ட், இன்ஜின் வேலை எல்லாம் நடக்கும் காலம் இது. ராஃப்ட் சர்வீஸுக்கும் இதைவிட வசதியான நேரம் இல்லை.

ராஃப்ட் மலிவான பொருள் இல்லை. வாங்குவது முதலாளி, ஏறப்போவது தொழிலாளி. அதனால்தான் இந்தக் கேள்வி படகில் போகிறவர்களின் வீட்டிலிருந்தும் வர வேண்டும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ தங்கு கடலுக்குப் போகிறவர் இருந்தால், இதை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அனுப்பிவிட்டு நான்கே கேள்வி கேளுங்கள். படகில் ராஃப்ட் இருக்கா? எத்தனை பேருக்கு? அதன் மேல் எதுவும் குவித்து வைத்திருக்கா? கடைசி சர்வீஸ் தேதி என்ன?

கூடவே இந்திய கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண்ணையும் அவர் போனிலும் உங்கள் போனிலும் சேமித்து வையுங்கள்: 1554.